கடைசித் தஸ்லீமில் ஒரு ஸ்வரம்: ஓர் ஊத் மாணவரின் சமாயி உருவான விதம்

அரபுக் கருவியிசையின் பழைய வடிவம் ஒன்றுக்குள் தன் சொந்த அனுபவத்தைச் சொல்ல முயன்ற ஓர் இளைஞரின் இசையாக்கம் பற்றிய பதிவு இது. அதில் எவை வெட்டப்பட்டன, எவை நின்றன, மற்றவர்கள் கைக்குப் போனபிறகு அது என்ன ஆனது என்பதை வரிசையாக எழுதுகிறேன். நடந்தது ஜோர்டான் தலைநகர் அம்மானில், 2018 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை. வேலை நிமித்தம் அங்கே இருந்த நான் அந்தக் குழுவில் வயலின் வாசித்தேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களும் பள்ளியின் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

இசையமைத்தவர் ஈராக்கின் மோசுல் நகரத்தவர், வயது இருபதுகளின் நடுவில். 2014 ஜூனில் ஐஎஸ் அமைப்பு அந்நகரைப் பிடித்தபோது குடும்பத்தோடு வெளியேறியவர். அடுத்த மூன்று ஆண்டுகள் மோசுலில் இசைக்கே தடை. 2017 ஜூலையில் நகரம் மீட்கப்பட்டது. மறு ஆண்டு கோடையில் அவர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் வீடு நின்றது. தெருவில் பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. இதைத்தான் இசையில் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அவர் படித்த இசைப்பள்ளியில் டிப்ளமா முடிக்க ஒரு நிபந்தனை உண்டு. பழைய வடிவம் ஒன்றில் சொந்தமாக ஓர் இசையாக்கம் எழுதி, தஃக்த் எனப்படும் சிறு குழுவோடு மேடையில் வாசிக்க வேண்டும். ஊத் என்ற குறுங்கழுத்து மீட்டு வாத்தியம், மடியில் வைத்து மீட்டும் பல தந்திக் கருவியான கானூன், நேய் என்ற நாணல் குழல், வயலின், ரிக் என்ற சிறு தாளத்தோல் கருவி ஆகியவை சேர்ந்தால் தஃக்த். அவர் தேர்ந்தெடுத்த வடிவம் சமாயி.

சமாயி ஒட்டோமான் உலகிலிருந்து அரபு நகரங்களுக்கு வந்தது. நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தஸ்லீம் என்ற பத்தி மாறாமல் திரும்ப வரும். நம் கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்புவது மாதிரி. முதல் மூன்று பகுதிகளும் தஸ்லீமும் பத்து எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கும்: மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. நான்காம் பகுதியில் தாளம் மாறும், பெரும்பாலும் மூன்று எண்ணிக்கைக்கு. சமாயிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் வறட்டுத்தனமானது. வடிவம், மகாம் (நம் ராகம் போன்றது), இயற்றியவர், அவ்வளவுதான். இப்ராஹிம் அல்-அர்யானின் பயாத்தி சமாயி, ஜமீல் பேயின் ஷத் அரபான் சமாயி என்றுதான் ஊத் மாணவர்கள் சொல்வார்கள். துக்கம், வீடு, பிரிவு என்றெல்லாம் தலைப்பு இருக்காது. விதிவிலக்குகள் உண்டு. எகிப்தின் முஹம்மத் அல்-கஸப்ஜி தம் கருவியிசைப் படைப்பு ஒன்றுக்கு ‘என் நினைவுகள்’ என்றே பெயரிட்டார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரபு இசையின் நடுவே எப்போதும் உட்கார்ந்திருந்தது குரல். கருவியிசை பெரும்பாலும் பாட்டுக்கு முன் வரும் வாயில். ஊத் தனியாக ஒரு மாலை முழுவதும் மேடையில் நிற்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டதில் ஈராக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1930களில் பாக்தாதில் கற்பித்த ஷரீஃப் முஹியித்தீன் ஹைதரிடமிருந்து ஜமீல் பஷீர், முனீர் பஷீர், சல்மான் ஷுக்ர் என்று ஒரு வரிசையே வந்தது. முனீர் பஷீர் (1930–1997) மோசுலில் பிறந்தவர். தன் மனத்தை ஊத் வழியே சொல்வது நம் இளைஞருக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. ஊர் வழக்கமாகவே தோன்றியது. அவருடைய ஆசிரியரோ சிரியாவின் அலெப்போக்காரர், அறுபதைக் கடந்தவர், வடிவத்தில் மிகக் கறாரானவர்.

முதல் வடிவம்

2019 பிப்ரவரியில் எங்கள் கைக்கு வந்த பிரதி கணினியில் தட்டச்சானது. கூடவே மென்பொருள் வாசித்த ஒலிப்பதிவும் வந்தது. நான்கு விஷயங்கள் உடனே கண்ணில் பட்டன.

மகாம் முதல் வரியிலிருந்து சபா. அரபு உலகில் துயரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சபாதான். அங்கே ஸ்வரங்களை ரே, மி, ஃபா, சோல், லா என்று மேற்கத்தியப் பெயர்களால் சொல்வார்கள். பெமோல் என்றால் அரைப்படி தாழ்ந்தது. ரே ஆதாரம் என்று வைத்தால் அடுத்து நிற்பது மி அரை பெமோல், அதாவது நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் இடைப்பட்ட இடம். பிறகு ஃபா. அதற்குமேல் சோல் இருக்க வேண்டிய இடத்தில் சோல் பெமோல். நம் கணக்கில் மத்யமம் இறங்கி அந்தர காந்தாரத்தின் இடத்துக்கு வந்துவிடும். மேலே போனால் ஆதார ஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும் அரைப்படி தாழ்ந்துதான் நிற்கும். ஸ்தாயி மூடாது. தலைக்குமேல் கூரை தட்டும் உணர்வு வருவது இதனால்தான்.

மூன்றாம் பகுதியில் லாமி. இது ஈராக்குக்கே உரிய மகாம். 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டில் பாடிய முஹம்மத் அல்-குபாஞ்சியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நான்காம் பகுதியில் வழக்கமான மூன்று எண்ணிக்கைக்குப் பதில் ஜோர்ஜினா. வட ஈராக்கின் நாட்டுப் பாடல்களில் ஓடும் வேகமான பத்து இது.

மூன்றாவதாக, மெல்லிசைக்குக் கீழே நரம்புக் கருவிகளின் ஸ்வரக்கூட்டு (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது) ஒன்று நீளமாகப் படர்ந்திருந்தது. நான்காவது, அலங்காரங்கள். ஒவ்வொரு நடுக்கமும், ஒவ்வொரு சறுக்கலும், ஊத்தை மீட்டும் ரிஷா என்ற தகடு மேலே அடிக்க வேண்டுமா கீழே அடிக்க வேண்டுமா என்பதும் எழுதப்பட்டிருந்தன. முகப்பில் ‘வீடு’ என்று தலைப்பு. ஒவ்வொரு பகுதியும் எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு.

முதல் ஒத்திகையில் தெரிந்தவை

வாசித்த ஐந்து பேரும் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தோம். பிழை இல்லை. ஆனால் கேட்க ஒரே இயந்திரம் ஐந்து குரலில் பேசுவதுபோல் இருந்தது.

காரணம் எளிது. தஃக்த் வாசிப்பில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள், ஆனால் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. லாவிலிருந்து ரேவுக்கு இறங்கும் ஒரு சாதாரண அடியை எடுத்துக்கொள்வோம். ஊத் நீண்ட ஸ்வரத்தை ரிஷாவின் நடுக்கத்தால் நிரப்பும், ஏனென்றால் அதன் ஒலி சீக்கிரம் செத்துவிடும். கானூன்காரர் இரண்டு கைகளில் இரண்டு ஸ்தாயிகளாகப் பிரித்து, வலது கைக்கு ஒரு கணம் பின்னால் இடது கையை விடுவார். நேய் ஃபாவிலிருந்து மிக்கு மூச்சாலேயே வழுக்கும். வயலின் ரேயை எட்டுவதற்குள் ஒரு சுழி சுழிக்கும். இந்த நான்கும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருப்பதுதான் அந்த ஒலியின் உடம்பு. பிரதியிலோ நால்வருக்கும் ஒரே நடுக்கம், ஒரே இடத்தில்.

கானூன் வாசித்த பெண்மணி கெய்ரோவில் பயின்றவர். இடைவேளையில் பென்சிலால் தம் பிரதியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “இதெல்லாம் ஊத் செய்யும். நான் செய்ய வேண்டாம்” என்றார். இரண்டாம் பக்கம் முடியும்போது வட்டம் இல்லாத வரி குறைவாகவே இருந்தது.

இன்னொரு பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் ஆசிரியர். ஸ்வரக்கூட்டில் மி அரை பெமோலை வைத்தால் அது எதோடும் ஒட்டாது. ஆகவே மி இல்லாத கூட்டுகளையே இளைஞர் தேர்ந்திருந்தார். அதன் விளைவு மெட்டில் தெரிந்தது. எங்கெல்லாம் மெட்டு மியில் சாய்ந்து நிற்க வேண்டுமோ, அங்கெல்லாம் அது மியைத் தொட்டுவிட்டு ஓடியது. கீழே இருக்கும் கூட்டு, மேலே இருக்கும் மெட்டை இழுத்துக்கொண்டிருந்தது. சபாவின் நடை மியைத் தவிர்த்தால் அதில் சபா பாதிதான் இருக்கிறது.

இசையமைத்தவர் மனம் புண்பட்டார். ஆசிரியரை உஸ்தாத் என்றுதான் அழைப்பார். அவருடைய வாதம் பொருட்படுத்தத் தக்கது: “உஸ்தாத், ஒவ்வொரு அசைவும் நான் உணர்ந்து எழுதியது. ஆளுக்கு ஆள் தங்கள் விருப்பப்படி வாசித்தால், இது யாருடைய கதை?”

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அல்-அர்யானின் பயாத்தி சமாயியை வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார், மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உருப்படி. பிறகு அதன் அச்சுப் பிரதியை எதிரே வைத்து, “தாளில் இல்லாதது எவ்வளவு வாசித்தாய், பார்” என்றார். முதல் தாள வட்டத்திலேயே பாதிக்குமேல் அவர் சேர்த்ததுதான். அடுத்தவர் எழுத்தில் தான் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தன் எழுத்தில் மற்றவருக்குத் தர அவர் மறுத்திருந்தார். இதற்குமேல் ஆசிரியர் எதுவும் விளக்கவில்லை.

அலங்காரங்கள் நீக்கப்பட்டன. மெட்டின் எலும்புக்கூடு மட்டும் பிரதியில் மிஞ்சியது. எட்டுப் பக்கம் இரண்டானது.

ஸ்வரக்கூட்டும் போனது. மரபில் இடமில்லை என்பதற்காக அல்ல. எகிப்தின் அப்துல் வஹாபும் லெபனானின் ரஹ்பானி சகோதரர்களும் மேற்கத்தியக் கருவிகளையும் கூட்டிசையையும் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள். அம்மானில் யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். இந்த மெட்டை அது கெடுத்தது, அதனால் போனது. ‘மரபா, புதுமையா’ என்று இதைப் பேச ஆரம்பித்திருந்தால் ஒத்திகை விவாத மேடையாகியிருக்கும். கேள்வி மியைப் பற்றியதாகவே இருந்தது நல்லது.

பெரிய மாற்றம் மகாமில். முதல் வரியிலேயே சபா வந்துவிட்டால் பிறகு எங்கே போவது என்று ஆசிரியர் கேட்டார். கேட்பவர் முதல் அடியிலேயே ‘சரி, துக்கம்’ என்று பெயர் ஒட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் முன்வைத்த வழி, முதல் பகுதியும் தஸ்லீமும் பயாத்தியில் இருக்கட்டும் என்பது. பயாத்தி வீட்டு மகாம். பள்ளிவாசலிலும் திருமணத்திலும் தெருவிலும் கேட்பது. ரே, மி அரை பெமோல், ஃபா, சோல் என்ற அதன் முதல் நான்கு ஸ்வரங்களில் சோல் ஒன்று மட்டும் அரைப்படி இறங்கினால் சபா. அவ்வளவு அருகில் இருக்கிறது. பழகிய இடத்தில் ஒரே ஒரு ஸ்வரம் தாழ்ந்துபோவது, முழுக்கச் சபாவில் அழுவதைவிட இவருடைய கதைக்கு நெருக்கமானது என்பது என் கருத்தும்கூட. இசையமைத்தவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இரண்டாம் பகுதி பயாத்தியின் மேல்பாதியில் உலவும். சபா மூன்றாம் பகுதியில்தான் வரும்.

லாமியை அவரே எடுத்துவிட்டார். “நான் ஈராக்கி என்று பலகை பிடிக்கத்தான் அதை வைத்தேன்” என்றார். அந்த வேலையை ஜோர்ஜினா ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தது. சமாயியின் மெதுவான பத்தும் ஜோர்ஜினாவின் வேகமான பத்தும் ஒரே பிரிப்புதான்: மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. அதே எலும்பு, நடை வேறு. முதல் மூன்று பகுதிகளில் அரண்மனை நடை நடந்தது, நான்காம் பகுதியில் மோசுல் கல்யாண வீட்டு ஓட்டம் ஓடும். வடிவத்தை உடைக்காமல் தன் ஊரை அதன் உள்ளிருந்தே எடுத்த இந்த இடம்தான் முழுப் படைப்பிலும் ஆக அழகானது என்று நினைக்கிறேன். கறாரான அலெப்போக்காரரும் இதில் வாய் திறக்கவில்லை. ரிக் வாசித்தவர் மட்டும் வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

தலைப்பும் விளக்கக் குறிப்பும் நீங்கின. ‘பயாத்தி சமாயி’ என்ற பெயரோடு இயற்றியவர் பெயர் மட்டும்.

கடைசியாக ஒரு தகராறு. நான்காம் பகுதிக்குப் பின் வரும் இறுதித் தஸ்லீம் மட்டும் மற்ற மூன்றைப்போல் இருக்கக் கூடாது என்று இசையமைத்தவர் பிடிவாதமாக நின்றார். முடிப்பு அடியில் சோல் வரும் இடத்தில் ஒரே ஒருமுறை சோல் பெமோல் வேண்டும். ஆசிரியர் மறுத்தார். தஸ்லீம் மாறாதது என்பதால்தானே நடுவில் எவ்வளவு தூரமும் போக முடிகிறது. அதையே அசைத்தால் கேட்பவருக்குப் பிடிமானம் எது என்றார். “நான் திரும்பிப் போனபோது எனக்குப் பிடிமானம் இருந்ததா, உஸ்தாத்?” என்று அவர் கேட்டார். ஆசிரியர் சற்று நேரம் கழித்துச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அந்த மாற்றத்தைப் பிரதியில் எழுதக் கூடாது. எழுதினால் அது முழக்கம் ஆகிவிடும். வாசிப்பவர்களுக்கு வாயால் சொன்னால் போதும். பிரதியில் நான்காம் பகுதியின் முடிவில் தஸ்லீமுக்குத் திரும்பும் குறி மட்டும் நின்றது. எல்லோரும் ஒரே அறையில் இருந்ததால் அப்போது யாருக்கும் இது சிக்கலாகப் படவில்லை.

மி எங்கே நிற்கிறது

அடுத்த கட்ட ஒத்திகைகளில் பெரும்பங்கு ஒரு ஸ்வரத்துக்குப் போனது.

எங்கள் வாத்தியங்களில் ஊத்துக்கும் வயலினுக்கும் மெட்டுக் கட்டை கிடையாது. விரல் எங்கே விழுகிறதோ அதுதான் ஸ்வரம். அரபு வயலினை சோல், ரே, சோல், ரே என்று சுருதி கூட்டுவார்கள். நம் கர்நாடக வயலினின் ச-ப-ச-ப இடைவெளியேதான் அது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பழகிய இடம். நேய் மூச்சால் வளையும். கானூன் அப்படியில்லை. தந்திகளின் ஓரத்தில் இருக்கும் சிறு உலோக நெம்புகளைத் தூக்கியோ சாய்த்தோதான் ஸ்வரத்தை மாற்ற முடியும். ஆகவே கானூன் எங்கே மியை வைக்கிறதோ, குழு அங்கே போகும்.

கெய்ரோவில் பயின்ற கானூன்காரர் மியைத் தாழ்த்தி வைத்தார். அலெப்போ ஆசிரியர் காதில் அது மந்தமாகக் கேட்டது. எகிப்திலிருந்து வடக்கே துருக்கியை நோக்கிப் போகப் போக இந்த ஸ்வரம் மேலே ஏறுகிறது என்று அங்கே எல்லா வாத்தியக்காரர்களும் சொல்வார்கள். பழைய வழக்குதான். ஸ்தாயியை 24 சம பாகங்களாகப் பிரித்து இந்தப் பிரச்சினையை ஒரேயடியாக முடிக்கலாம் என்ற யோசனையை 1932இல் எகிப்து மன்னர் முதலாம் ஃபுவாது கூட்டிய கெய்ரோ மாநாடு விவாதித்தது. ஐரோப்பிய இசையமைப்பாளர்களான பார்டோக்கும் ஹிண்டமித்தும் வந்திருந்த அந்த மாநாட்டிலும் ஸ்வர அளவு பற்றி ஒருமித்த முடிவு வரவில்லை.

இங்கே புதிதாக ஒன்று கலந்திருந்தது. இளைஞர் தம் மெட்டை மாதக்கணக்கில் மென்பொருளில் கேட்டுக் கேட்டு எழுதியவர். மென்பொருளின் மி, ரேக்கும் ஃபாவுக்கும் நட்டநடுவில் சரியாக நிற்கும் மி. குழுவின் மி தவறு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆசிரியர் விளக்கை அணைக்கச் சொல்லி, கணினியையும் மூடச் சொல்லி, ஊத்தில் பயாத்தியில் ஒரு சிறு தக்ஸீம் வாசிக்கச் சொன்னார். தக்ஸீம் என்பது தாளக்கட்டில்லாத தனி ஆலாபனை. நேய்க்காரர் அதைக் கைபேசியில் பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தபோது, அவர் விரல் இயல்பாக விழுந்த மி கணினியின் மியைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தது. அதிலும் கீழே இறங்கும்போது இன்னும் கொஞ்சம் தாழ்வு.

கதை சொல்வதற்காக அவர் திட்டமிட்டு எழுதிய எல்லா அலங்காரங்களையும்விட அவருடையதாக இருந்தது இந்தத் தாழ்வு. அது அவருக்குத் தெரியாமலே விரலில் இருந்தது. அவர் எழுதப் பயன்படுத்திய கருவி அதை நேராக்கி வைத்திருந்தது.

கானூன்காரர் அந்தப் பதிவைக் காதில் வைத்துக்கொண்டு நெம்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஸ்வரம் இரண்டு நெம்புகளுக்கு நடுவில் விழுந்தது. தாழ்ந்ததையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆசிரியர் சமாதானம் ஆகவில்லை, ஆனால் “இது அவன் சமாயி” என்று விட்டுவிட்டார்.

அரங்கேற்றம்

2019 ஜூனில், பள்ளியின் சிறிய அரங்கில் வாசித்தோம். மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு முன்வரிசையில் இருந்தது.

முதல் பகுதி சற்றுப் பதற்றத்தோடு போனது. மூன்றாம் பகுதியில் சோல் இறங்கியபோது கூட்டத்தில் சிலர் ‘ஆஹ்’ என்றார்கள். அரபு ரசிகர்கள் அடக்கிக்கொள்வதில்லை. தஸ்லீம் ஒவ்வொருமுறை திரும்பும்போதும் நேய்க்காரர் அதை வேறு மாதிரி வாசித்தார். மூன்றாம் முறை முதல் பாதியை விட்டுவிட்டு நடுவில்தான் சேர்ந்தார். ஒத்திகையில் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. முதல் பிரதியின்படி அது குற்றம். இப்போது அந்த இடைவெளியில் ஊத் தனியாகக் கேட்டது. ஜோர்ஜினாவில் கைதட்டல் தாளத்தோடு சேர்ந்தது.

இறுதித் தஸ்லீமில் கானூன்காரர் வாசிப்பின் நடுவே சோலின் நெம்பைத் தட்டி இறக்கி, மறு அடிக்குள் ஏற்றினார். அந்த ஒரு ஸ்வரம் வந்தது, போனது.

பிறகு நடந்த கேள்வி நேரத்தில் தேர்வாளர் ஒருவர், கடைசியில் கானூனின் நெம்பு நழுவிவிட்டதா என்று கேட்டார். வேண்டுமென்றே செய்தது என்று சொன்னதும், அப்படியானால் அதற்கு முன்கூட்டியே காதைத் தயார்ப்படுத்தியிருக்க வேண்டும் என்றார். இரண்டாம் பகுதியிலேயே சோல் பெமோலை ஒருமுறை காட்டியிருந்தால் முடிவில் அது பிழைபோல் கேட்காது. இன்னொருவருக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. மூன்றாமவர் ஊத்தின் வலது கை பற்றி மட்டும் பேசினார். நல்ல மதிப்பெண்ணோடு தேர்ச்சி கிடைத்தது.

அதற்குப் பிறகு

இரண்டு பக்கப் பிரதி கைமாறிப் போவது எளிது. சில மாதங்களில் அது அம்மானுக்கு வெளியே ஒரு மாணவர் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. 2020 ஜனவரியில் அவர்கள் வாசித்த காணொளி ஒன்று இசையமைத்தவரின் கைபேசிக்கு வந்தது.

அவர் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அங்கே ரிக் இல்லை, தர்புக்கா என்ற கோப்பை வடிவ மத்தளம். வயலினுக்குப் பதில் செல்லோ. நேய்க்காரர் இரண்டாம் பகுதியில் சேர்த்திருந்த ஒரு சுழிப்பு, எங்கள் ஆள் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. இசையமைத்தவரே அந்த இடத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கேட்டார். தன் மெட்டில் தான் நினைக்காத ஒன்றை ஊர் பேர் தெரியாத ஒருவர் கண்டுபிடித்தது அவருக்குச் சந்தோஷம்.

ஆனால் இறுதித் தஸ்லீம் மற்ற மூன்றைப்போலவே முடிந்தது. சோல் சோலாகவே இருந்தது.

அவர் அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதினார். பதில் மரியாதையாக வந்தது: பிரதியில் தஸ்லீம் என்றுதான் இருக்கிறது, தஸ்லீமைத்தான் வாசித்தோம். எங்கள் மேடைப் பதிவையும் அவர்கள் கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கானூன் தவறிவிட்டது என்று எண்ணி, மேடையில் நடக்கக்கூடியதுதானே என்று தாங்கள் திருத்தி வாசித்ததாகவும் சொன்னார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எலும்புக்கூடாக எழுதும் முறை வேலை செய்வது ஒரு நம்பிக்கையில்தான். எழுதாமல் விட்டதை வாசிப்பவரின் வழக்கம் நிரப்பும். பயாத்தியில் மி எங்கே சாயும், இறங்கும்போது ஊத் என்ன செய்யும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அங்கே தாள் வெறுமையாக இருக்க இருக்க நல்லது. ஆனால் இசையமைத்தவர் வழக்கத்துக்கு எதிராகப் போன ஒரே இடத்தையும் அதே வெறுமையில் விட்டிருந்தோம். அங்கேயும் வழக்கம் தன் வேலையைச் செய்தது.

இன்னொரு முறை செய்வதானால்

பிரதி இப்போது திருத்தப்பட்டிருக்கிறது. அலங்காரங்கள் திரும்பி வரவில்லை. அந்த முடிவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இறுதித் தஸ்லீம் மட்டும் திரும்பு குறியாக இல்லாமல் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. சோல் பெமோலின் மேல், இங்கே மட்டும், என்று அரபியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. பிரதி மூன்று பக்கம் ஆகிவிட்டது.

முதல் பக்கத்தின் தலையில் மியைப் பற்றி ஒரு வரி எழுதலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார்கள். ஒவ்வொரு ஊர்க் குழுவும் தன் மியை வாசிக்கட்டும் என்பது இசையமைத்தவரின் முடிவு. மோசுலின் மி வேண்டுமென்றால் தன் ஒலிப்பதிவைக் கேட்கலாம் என்றார். ஆசிரியருக்கு இதில் உடன்பாடு. அநேகமாக இந்த விஷயத்தில் இருவரும் முதல்முறை ஒத்துப்போன இடம் இதுதான்.

மென்பொருள் விஷயத்தில் பள்ளியே நடைமுறையை மாற்றிக்கொண்டது. இசையாக்கத் தேர்வுக்கு வருபவர்கள் கணினிப் பிரதிக்கு முன்பு, தம் மெட்டைத் தம் வாத்தியத்தில் வாசித்த பதிவு ஒன்றைத் தர வேண்டும். எழுதியவரின் விரல் என்ன சொல்கிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். எங்கள் குழு மியில் செலவழித்த நேரத்தில் பாதி இதனால் மிச்சமாகியிருக்கும்.

தேர்வாளர் சொன்ன யோசனை, இரண்டாம் பகுதியிலேயே சோல் பெமோலைக் காட்டிவிடுவது, ஏற்கப்படவில்லை. இசை இலக்கணப்படி அவர் சொன்னது சரி. கேட்பவர் காது தயாராகியிருந்தால் யாரும் அதைப் பிழை என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தயாராகாத காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஸ்வரமே அங்கே இருக்கிறது என்று இசையமைத்தவர் சொல்கிறார். ஆசிரியர் இந்த விஷயத்தில் தேர்வாளர் பக்கம். திருத்திய பிரதியை அவர் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார், அந்தப் பெமோலோடுதான். அது தேவையில்லை என்று சொல்லிக்கொண்டேதான் கற்பிக்கிறார்.